ஹாம்பர்க் ஏலத்தில் எடுத்த படம் யாருடையது?

கேள்வி:

வணக்கம். யாழ்ப்பாணம் என் ஊர். கனகாலமாக வட ஜெர்மனியில் இருக்கிறேன், வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை. நான் பார்த்துவந்த ஓர் அம்மா, பிள்ளைகள் இல்லாதவர், இரண்டு வருசத்துக்கு முன் காலமானார். தன் வரவேற்பறையில் மாட்டியிருந்த ஓர் எண்ணெய்வண்ணப் படத்தை உயிலில் எனக்கு எழுதிவைத்திருந்தார். ஓர் ஆற்றங்கரையும் இரண்டு மரங்களும் உள்ள சின்னப் படம். வீடு மாறும்போது கழற்றிப் பார்த்தால் பின்னால் கிழிந்த தாள் ஒட்டியிருக்கிறது. நீலப் பென்சிலால் ஓர் எண், மூலையில் சிவப்பு அரக்கு முத்திரை. "யுத்த காலத்தில் அப்பா ஹாம்பர்க் துறைமுகத்தில் ஏலத்தில் எடுத்தது" என்று அவ ஒருமுறை சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யூதர்களிடம் பறித்ததாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. "எண்பது வருசக் கதை, பேசாமல் இணையத்தில் வித்துவிடுங்கோ" என்கிறான் மகன். சட்டப்படி இது என்னுடையதா? திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் யாரிடம் கொடுப்பது? இன்னொன்றும் கேட்க வேண்டும். 95இல் நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டோம். திரும்பிப் போனபோது கதவு நிலைகூட இல்லை. எங்களுக்கு யார் எதைத் திருப்பித் தந்தார்கள்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தை விற்காதீர்கள். யாருக்கும் அன்பளிப்பாகவும் கொடுக்காதீர்கள். துடைக்க வேண்டாம், புதுப் பிரேம் போட வேண்டாம். பிரேம் போடுகிறவர்கள் நல்ல மனதோடுதான் பழைய பின்பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய அட்டை வைத்துத் தருவார்கள். ஓவியங்கள் யார் யார் கை மாறி வந்தன என்று தேடுவதுதான் என் தொழில். முன்பக்கம் பளபளப்பாக இருக்க, பின்பக்கம் வழித்துத் துடைக்கப்பட்டு வந்து சேரும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். உங்கள் படத்தின் பின்பக்கம் அப்படியே இருக்கிறது. அது பெரிய விஷயம்.

பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், பின்பக்கம் முழுவதையும் ஒரு போட்டோ எடுங்கள். பிறகு தாள், எண், முத்திரை ஒவ்வொன்றையும் பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து நெருக்கமாக எடுங்கள். துணியை இழுத்து ஆணியடித்திருக்கும் மரக்கட்டைகளின் விளிம்புகளையும் விடாதீர்கள். மங்கிய பென்சில் எழுத்து பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தாளை உரித்துப் பார்க்க வேண்டாம். பிறகு ஒரு வெள்ளைத்தாளில், அந்த அம்மா சொன்னதை அவர் சொன்ன ஜெர்மன் வார்த்தைகளிலேயே எழுதி, எப்போது, என்ன பேச்சின் நடுவே சொன்னார் என்பதையும் குறித்து, தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அவருடைய தந்தையின் பெயர், வேலை, யுத்த காலத்தில் குடியிருந்த தெரு எதுவானாலும் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். உயிலின் பிரதியை அதோடு இணைத்து வையுங்கள். இதையெல்லாம் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

சிவப்பு அரக்கைக் கண்டு பயந்துவிட வேண்டாம். சுங்கத்துறை முத்திரையாக இருக்கலாம், பழைய சேகரிப்பாளர் ஒருவரின் குடும்ப முத்திரையாக இருக்கலாம், நூறு ஆண்டுக்கு முந்தைய சொத்துப் பிரிவினையின் அடையாளமாகவும் இருக்கலாம். நீலப் பென்சில் எண்ணும் அப்படித்தான்: ஏலத்தில் வைத்த வரிசை எண்ணாக இருக்கும், அல்லது ஒரு கிடங்கின் எண்ணாக இருக்கும். சில குறிகள் மட்டும் பார்த்தவுடன் பேசிவிடும். பாரிஸில் நாஜிகள் பறித்த படங்களில் உடைமைக்காரரைக் குறிக்கும் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ரோத்ஸ்சைல்ட் குடும்பத்துக்கு 'ஆர்' என்ற எழுத்து. யாருடையதென்றே தெரியாமல் வீடுகளிலிருந்து அள்ளிவந்த படங்களுக்கும் தனிக் குறி இருந்தது. போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் மியூனிக்கில் கைப்பற்றிச் சேர்த்தவற்றில் அந்த ஊர்ப் பெயரின் முதலிரண்டு எழுத்துகளோடு எண் இருக்கும். உங்கள் படத்தில் இவை இருக்க வாய்ப்பில்லை. உங்கள் படத்தின் கதை வேறு வழியாக வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த வழி ஹாம்பர்க் துறைமுகம்.

நாஜிகளின் கொள்ளை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஹிட்லர் லின்ஸ் நகரில் கட்ட நினைத்த அருங்காட்சியகமும், ஆல்ட்டவுஸே உப்புச் சுரங்கத்தில் ஒளித்துவைத்திருந்த 6,500க்கும் மேற்பட்ட ஓவியங்களும்தான். அது தலைவர்களின் கொள்ளை. அதைவிட மிகப் பெரியது சாதாரண வீடுகளின் கொள்ளை. அதில் பங்கெடுத்தவர்களும் சாதாரண மனிதர்கள். அதனாலேயே அது அதிகம் பேசப்படுவதில்லை.

ஜெர்மனியை விட்டுப் போக நினைத்த யூதக் குடும்பம் ஒன்று முதலில் சொத்தில் நாலில் ஒரு பங்கை வெளியேறும் வரியாகக் கட்ட வேண்டும். 1931இல், நாஜிகள் வருவதற்கு முன்பே, பணம் வெளிநாட்டுக்குப் போவதைத் தடுக்கக் கொண்டுவந்த வரி அது. நாஜிகள் அதையே தூண்டிலாக்கினார்கள். 1938 ஏப்ரலில், 5,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ள யூதர்கள் எல்லோரும் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணை வந்தது. அந்த நவம்பரில் ஜெபக்கூடங்களையும் கடைகளையும் எரித்து நொறுக்கிவிட்டு, அதற்கு அபராதமாக யூதர்கள்மீதே நூறு கோடி மார்க் விதித்தார்கள். இவற்றைக் கட்டத்தான் பியானோவும் வெள்ளிப் பாத்திரமும் படங்களும் கிடைத்த விலைக்குப் போயின. விற்காமல் மிஞ்சியதைப் பெரிய மரப்பெட்டிகளில் அடைத்து ஹாம்பர்க், பிரேமன் துறைமுகங்களுக்கு அனுப்பினார்கள். அனுப்புமுன் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் பட்டியலிட்டு அதிகாரிகளிடம் அனுமதி வாங்க வேண்டும். மேசை விரிப்பு எத்தனை, முட்கரண்டி எத்தனை என்றுகூட.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியது. கப்பல் போக்குவரத்து நின்றது. பெட்டிக்குச் சொந்தக்காரர் லண்டனிலோ புவனோஸ் ஐரிஸிலோ காத்திருக்க, அவருடைய வீடே கிடங்கில் கிடந்தது. ரகசியப் போலீஸான கெஸ்டபோ அவற்றைப் பறிமுதல் செய்து 1941 தொடக்கத்திலிருந்து ஏலம் விட்டது. அந்த ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி வந்த ஓர் ஆணை, ஜெர்மனிக்கு வெளியே இருக்கும் யூதர்கள் அனைவரின் குடியுரிமையையும் ரத்து செய்து, சொத்து முழுவதும் அரசுக்கே என்றது. முகாம்களுக்கு எல்லை தாண்டி நாடுகடத்தப்பட்டவர்களும் அதில் அடக்கம். பெர்லினில் அப்படி அழைத்துப் போகுமுன் ஒவ்வொருவரிடமும் 16 பக்கப் படிவம் ஒன்றை நிரப்பி வாங்கினார்கள். எத்தனை நாற்காலி, எத்தனை தலையணை உறை, சுவரில் எத்தனை படம். அந்தப் படிவங்கள் இன்றும் போட்ஸ்டாம் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பலருடைய கடைசிக் கையெழுத்து அதில் இருப்பதுதான். அவற்றைப் புரட்டும்போது எனக்கு இன்னும் கை நடுங்கும்.

ஹாம்பர்க் ஏலங்கள் ஒளிவுமறைவாக நடக்கவில்லை, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தே நடந்தன. 1942 முதல் பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளில் சுமார் 70,000 யூத வீடுகளைச் சுத்தமாகக் காலிசெய்து ரயிலிலும் கப்பலிலும் ஜெர்மனிக்குக் கொண்டுவந்தார்கள். குண்டுவீச்சில் வீடிழந்த ஜெர்மன் குடும்பங்களுக்கென்று சொல்லி அவை விநியோகிக்கப்பட்டன, விற்கப்பட்டன. ஆகவே "யுத்த காலம்", "ஹாம்பர்க் துறைமுகம்", "ஏலம்" என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் என் தொழிலில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அது ஆதாரம் அல்ல. நொடித்துப்போன வியாபாரியின் சாமானும் அதே ஊரில் ஏலம் போயிருக்கும். ஆனாலும் தேடாமல் விட முடியாத அளவுக்குச் சந்தேகம் உண்டு.

எங்கே தேடுவது? மாக்டெபுர்க் நகரில் களவுபோன கலைப்பொருள்களுக்கான ஜெர்மன் அறக்கட்டளை இருக்கிறது. அது நடத்தும் 'லாஸ்ட் ஆர்ட்' தரவுத்தளத்தில் இரண்டு விதமான பதிவுகள் உண்டு. இழந்தவர்கள் தேடுகிற பொருள்கள் ஒருபக்கம், தங்களிடம் இருப்பது யாருடையதோ என்று சந்தேகப்படுகிறவர்கள் அறிவித்த பொருள்கள் மறுபக்கம். முதலாவதில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டாவதில் உங்கள் படத்தைப் பதிவு செய்யலாம், தனியாருக்கும் அனுமதி உண்டு. பிரேமர்ஹாஃபனில் உள்ள ஜெர்மன் கடல்சார் அருங்காட்சியகம், துறைமுகங்களில் சிக்கிப் பறிபோன இந்தப் பெட்டிகளைப் பற்றியே தனி ஆய்வு நடத்தி 'லாஸ்ட் லிஃப்ட்' என்ற பெயரில் தரவுத்தளம் அமைத்திருக்கிறது. குடும்பத்தின் பெயர், பெட்டியை ஏற்றிய நிறுவனம், ஏலம் விட்டவர், வாங்கியவர் என்று அதில் தேடலாம். உங்களுக்கு முதல் கதவு அதுதான் என்பது என் எண்ணம். கிழிந்த தாளில் ஒரு சரக்கு நிறுவனத்தின் பெயர் பாதியாவது படிக்க முடிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. அந்தக் கால நிதித்துறைக் கோப்புகள் ஹாம்பர்க் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஹைடெல்பர்க் பல்கலைக்கழகம் 1945 வரையிலான ஏலப் பட்டியல் புத்தகங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தேடும் செலவுக்கு மாக்டெபுர்க் அறக்கட்டளையிடம் தனியாரும் நிதியுதவி கேட்கலாம். களவு என்று தெரிந்தால் நியாயமான தீர்வுக்கு உடன்படுவேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஓவியர் கையெழுத்து இருந்தால் கண்டுபிடிக்க வழி உண்டு. இல்லையென்றால், "ஆற்றங்கரை, எண்ணெய்வண்ணம்" என்று அந்தக் காலப் பட்டியல்களில் எண்ணிலடங்காத படங்கள் இருக்கும். எவ்வளவு தேடியும் சொந்தக்காரர் யாரென்று தெரியாமலே போகக்கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஓவியர்களின் படங்கள் கிடைக்கின்றன, சின்னப் படங்கள் கிடைப்பதில்லை. காரணம் எளிது: சின்னப் படங்களைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை.

எழுதிவைத்தவர்களால்தான் இந்தத் துறையில் எதுவுமே திரும்பக் கிடைத்தது. பாரிஸில் 'ஜூ த போம்' என்ற அருங்காட்சியகத்தில்தான் நாஜிகள் பறித்த படங்களைக் குவித்துப் பிரித்து ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். 20,000க்கும் மேற்பட்ட பொருள்கள் அந்தக் கட்டடம் வழியாகப் போயின. ஹிட்லருக்கு அடுத்த இடத்தில் இருந்த கோரிங் அடிக்கடி வந்து தனக்குப் பிடித்ததைப் பொறுக்கிப் போவார். அங்கே வேலையிலிருந்த ரோஸ் வாலான் என்ற பெண்ணுக்கு ஜெர்மன் தெரியும், தெரியாததுபோல் இருந்தார். எந்தப் படம் யாருடையது, எந்த ஊருக்குப் போகிறது என்று நான்கு ஆண்டுகள் ரகசியமாகக் குறிப்பெடுத்தார். அகப்பட்டிருந்தால் உயிர் போயிருக்கும். நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையில் அடுக்கிவைத்திருந்ததை அமெரிக்கர்கள் தேடிப் போனது அவர் குறிப்பை நம்பித்தான்.

ஆம்ஸ்டர்டாம் கலை வணிகர் ஜாக் ஹௌட்ஸ்டிக்கரின் கதையும் ஒரு குறிப்பேட்டின் கதைதான். 1940 மே மாதம் நாஜிகள் நுழைந்தபோது மனைவி, கைக்குழந்தையோடு கப்பலேறினார். இருட்டில் திறந்திருந்த தளவாயிலில் விழுந்து கப்பலிலேயே இறந்தார். அவருடைய சட்டைப்பையில் ஒரு சின்னக் கறுப்புக் குறிப்பேடு இருந்தது, 1,100க்கும் மேற்பட்ட படங்களின் பட்டியல். அவருடைய சேகரிப்பை அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார் கோரிங். போருக்குப் பின் திரும்பக் கிடைத்தவற்றை டச்சு அரசு தன் அருங்காட்சியகங்களிலேயே வைத்துக்கொண்டது. 2006இல்தான் 202 படங்களை வாரிசுகளிடம் கொடுத்தது. உங்கள் மகனுக்கு ஒன்று சொல்லுங்கள்: 2025 ஆகஸ்டில், அர்ஜென்டினாவின் மார் தெல் பிளாட்டா நகரில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. அந்த விளம்பரப் போட்டோவில் சோபாவுக்கு மேலே தொங்கியது அதே குறிப்பேட்டுப் பட்டியலில் இருந்த ஓர் இத்தாலியப் பெண்ணின் உருவப்படம், ஜுசெப்பே கிஸ்லாண்டி வரைந்தது. கோரிங்கின் நிதி உதவியாளராக இருந்து தென்னமெரிக்காவுக்குத் தப்பிய ஃப்ரீட்ரிக் காட்கீனின் வாரிசுகளுடைய வீடு. டச்சுப் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்தார்கள். போலீஸ் போனபோது படத்தைக் காணோம். சில நாள்களில் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. எண்பது வருசம் ஆனாலும் ஒரு இணைய விளம்பரம் போதும்.

இனி சட்டம். ஜெர்மன் சிவில் சட்டப்படி, களவுபோன பொருளை நல்ல எண்ணத்தோடு வாங்கியவர்கூட அதற்கு உரிமையாளர் ஆக முடியாது. பொது ஏலத்தில் வாங்கியதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, ஆனால் கெஸ்டபோ பறித்துப் போட்ட ஏலத்துக்கு அது பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. பத்து வருடம் நல்லெண்ணத்தோடு வைத்திருந்தால் உரிமை வந்துவிடும் என்ற விதியும் உண்டு. வேறொருவருடையது என்று தெரிந்துவிட்டால் அந்த விதி உதவாது. அந்த அம்மா வைத்திருந்த காலத்தைக் கணக்கில் சேர்ப்பதா என்பதை ஒரு வழக்கறிஞர்தான் ஆவணங்களைப் பார்த்துச் சொல்ல முடியும். எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: உரிமையாளர் திருப்பிக் கேட்கும் உரிமை 30 ஆண்டில் காலாவதியாகிறது. ஆகவே நாளை ஒரு வாரிசு வந்து வழக்குப் போட்டாலும் நீங்கள் "காலாவதி" என்று சொல்லிவிட்டால் படம் உங்கள் வீட்டிலேயே இருக்கும். யாரும் உங்களைச் சிறைக்கு அனுப்பப் போவதில்லை. அந்தப் பயத்தை விடுங்கள்.

ஆனால் அந்தச் சொல்லை நீங்கள் சொல்ல வேண்டும். நீதிமன்றம் தானாக அதைக் கணக்கில் எடுக்காது. பல் மருத்துவர் ஹான்ஸ் சாக்ஸ் சேர்த்த சுவரொட்டிகளை 1938இல் நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸின் ஆட்கள் அள்ளிப்போனார்கள். அவற்றில் 4,000க்கும் மேற்பட்டவை கடைசியில் பெர்லினின் ஜெர்மன் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்தன. 2012இல் ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம், நாஜிகள் பறித்ததால் உரிமை மாறிவிடவில்லை, அவை மகனுக்கே சேரும் என்று தீர்ப்பளித்தது. காலாவதி என்ற கேடயத்தை அருங்காட்சியகம் எடுக்கவில்லை என்பதால்தான் அந்தத் தீர்ப்பு சாத்தியமாயிற்று. சட்டம் இந்த முடிவைப் பொருளை வைத்திருப்பவரின் வாயில் விட்டிருக்கிறது. இப்போது உங்கள் வாயில்.

நான் காலாவதியை வாதமாகவே ஏற்கமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். போர் முடிந்ததும் அமெரிக்க ஆட்சிப் பகுதியில் 1947 நவம்பரில் ஒரு சட்டம் வந்தது. 1933 ஜனவரி 30க்குப் பிறகு துன்புறுத்தப்பட்டவர்கள் விற்றதெல்லாம் பறித்ததாகவே கருதப்படும், அப்படி இல்லையென்று வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. அருமையான சட்டம். ஆனால் கோரிக்கை கொடுக்கக் கடைசி நாள் 1948 டிசம்பர் 31. முகாமிலிருந்து மீண்டவர்கள், வேறு கண்டத்தில் தையல் வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்தவர்கள், பெற்றோர் எங்கே செத்தார்கள் என்றே தெரியாதவர்கள், ஓராண்டுக்குள் தங்கள் வீட்டுப் படம் யார் சுவரில் தொங்குகிறதென்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? வைத்திருப்பவர் ஒளித்துவைப்பார், நாள் கடந்ததும் "ஏன் முன்பே கேட்கவில்லை" என்பார். இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

லில்லி காசிரர் என்ற பெண் 1939இல் ஜெர்மனியை விட்டு வெளியேற அனுமதி பெறுவதற்காக, பிசாரோ வரைந்த பாரிஸ் தெருக் காட்சியை 900 மார்க்குக்குக் கொடுத்தார். அந்தக் காசையும் முடக்கப்பட்ட கணக்கில் போட்டார்கள், அவரால் எடுக்க முடியவில்லை. படம் தொலைந்தது என்று நம்பி 1958இல் இழப்பீடு வாங்கினார். 2000இல்தான் அது மாட்ரிட் அருங்காட்சியகத்தில் இருப்பது பேரனுக்குத் தெரிந்தது. 2005இல் வழக்குப் போட்டார், 2010இல் இறந்துபோனார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 2025 மார்ச்சில் மறுபடியும் கீழ் நீதிமன்றத்துக்கே திரும்பி வந்தது. பறிகொடுத்தது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதில்தான் இத்தனை ஆண்டுச் சண்டையும்.

1998 டிசம்பரில் வாஷிங்டனில் 44 நாடுகள் கூடி, நாஜிகள் பறித்த கலைப்பொருள்களுக்கு "நீதியும் நியாயமுமான தீர்வு" காண வேண்டும் என்று 11 கொள்கைகளை ஒப்புக்கொண்டன. அவை யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அருங்காட்சியகங்கள் அசைந்ததே அதற்குப் பிறகுதான். ஜெர்மனி 2003 முதல் ஓர் ஆலோசனைக் குழு வைத்திருந்தது, 2025இல் அதற்குப் பதிலாக நடுவர் மன்றத்துக்கு மாற முடிவு செய்தது. ஆனாலும் தனியார் வீட்டுச் சுவர்களைத் தொட எவராலும் முடியவில்லை. மியூனிக் அடுக்ககத்தில் குர்லிட் என்ற முதியவரிடம் 1,200க்கும் மேற்பட்ட படைப்புகள் இருப்பது 2013இல் வெளியே வந்தபோது நாடே அதிர்ந்தது. ஹிட்லரின் கலை முகவர்களில் ஒருவருடைய மகன் அவர். கடைசியில் அவராகவே ஆய்வுக்கும் திருப்பிக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கணக்கான ஆய்வுக்குப் பிறகு அவற்றில் 14 மட்டுமே பறித்தவை என்று உறுதியாகித் திரும்பப் போயின. மாக்ஸ் லீபர்மான் வரைந்த, கடற்கரையில் குதிரை ஓட்டும் இருவர் படம் அதில் ஒன்று. பிரெஸ்லாவ் நகரில் பெரிய மாமாவின் வீட்டில் 1938 நவம்பரில் 13 வயதுப் பையனாக அதைப் பார்த்தவர் டேவிட் டோரன். 2015இல் அது கையில் கிடைத்தபோது அவருக்குப் பார்வை போய்விட்டிருந்தது.

மகன் சொல்வதுபோல் விற்பது நடைமுறையிலும் சரிவராது. பெயருள்ள ஏல நிறுவனம் எதுவும் தரவுத்தளங்களில் சரிபார்க்காமல் அந்தக் காலப் படத்தைத் தொடாது. தெரிந்துகொண்டே மறைத்து இணையத்தில் விற்றால், வாங்குகிறவரையும் உங்களோடு சேர்த்து வம்பில் மாட்டிவிடுகிறீர்கள்.

வாரிசுகள் கிடைத்தால் என்ன ஆகும்? படத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவது மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். சேர்ந்து விற்றுப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வது உண்டு. ஒரு தொகை கொடுத்துப் படத்தை வைத்துக்கொள்வதும் உண்டு. எகோன் ஷீலே வரைந்த 'வாலி' படத்தை 1939இல் வியன்னாவில் யூதக் கலை வணிகர் லேயா போண்டியின் சொந்த வீட்டிலிருந்து ஒரு வணிகர் பறித்துப் போனார். நியூயார்க் கண்காட்சிக்கு வந்த இடத்தில் அது முடக்கப்பட்டு, வழக்கு நடந்து, 2010இல் வியன்னாவின் லியோபோல்ட் அருங்காட்சியகம் 1 கோடியே 90 லட்சம் டாலர் கொடுத்து வைத்துக்கொண்டது. அது யாரிடமிருந்து பறித்தது என்பதைப் படத்தின் அருகே எழுதிவைக்க வேண்டும் என்பதும் உடன்படிக்கையில் இருந்தது. உங்கள் படத்தின் விலை அதன் பிரேம் விலைக்குக்கூட வராமல் போகலாம். வாரிசுகளுக்கு அது பொருட்டாகவே இருக்காது. எல்லாவற்றையும் இழந்த குடும்பத்தில் தாத்தா வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரே பொருளுக்கு விலை போட முடியாது.

அந்த அம்மாவுக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும், எழுதாவிட்டாலும் கடிதத்தில் தெரிகிறது. அவர் உங்களுக்குக் கொடுத்தது அன்பு. அது உங்களுடையதுதான், அதை யாரும் கேட்கவில்லை. அப்பா எங்கே எடுத்தார் என்பதை மறைக்காமல் உங்களிடம் சொன்னதும் அவர்தான்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து மழையில் நடந்தவர்களுக்கு யாரும் எதையும் திருப்பித் தரவில்லை. உண்மைதான். அந்தக் கோபத்தை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். சூறையாடுவது கூடாது என்று 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையே சொல்கிறது, ஓவியத்துக்கு மட்டுமல்ல, கதவு நிலைக்கும் தையல் மெஷினுக்கும் சேர்த்துத்தான். நான் சொன்ன 1947 சட்டமும் ஓவியங்களுக்கென்று வந்ததல்ல. அடையாளம் காணக்கூடிய எந்தச் சொத்தையும் அதன்படி கேட்கலாம், வீடு, கடை, தளவாடம் எல்லாம். யூதக் குடும்பங்களுக்குக் கிடைத்ததும் யாரும் மனமிரங்கித் தந்ததல்ல. பட்டியலோடு கேட்டார்கள், மறுத்தார்கள், மறுபடி கேட்டார்கள், பேரப்பிள்ளைகள் கேட்டார்கள். ஹௌட்ஸ்டிக்கர் குறிப்பேடு இல்லாதிருந்தால் 2006ம் இல்லை, 2025ம் இல்லை.

ஆகவே இன்னொரு வேலையும் தருகிறேன். உங்கள் வீட்டுப் பட்டியலை எழுதுங்கள். விறாந்தையிலிருந்து தொடங்கி அறை அறையாக. நிலை எந்த மரம், அலுமாரி யார் செய்தது, சுவரில் என்ன படம், கிணற்றடியில் என்ன பம்ப். காணி உறுதியின் பிரதி, பழைய கலியாணப் போட்டோக்களில் பின்னணியில் தெரியும் சாமான்கள், அயலில் இருந்தவர்களின் பெயர்கள். உங்கள் அம்மாவோ சித்தியோ இருந்தால் அவர்கள் நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள், தேதியிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். என்றைக்கு எந்த மன்றம் கேட்கும் என்று என்னால் சொல்ல முடியாது. கேட்கும் நாளில் கையில் தாள் இருக்க வேண்டும். மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். எண்பது வருசக் கதை என்று அவர் சொன்னதைப் பற்றி அதற்குப் பிறகு நீங்கள் அவரோடு பேச வேண்டியிருக்காது.

படத்தின் போட்டோக்களையும் உங்கள் குறிப்பையும் முதலில் பிரேமர்ஹாஃபன் அருங்காட்சியகத்துக்கும் பிறகு மாக்டெபுர்க் அறக்கட்டளைக்கும் அனுப்புங்கள். ஜெர்மன் மொழியில் ஒரு பக்கக் கடிதம் போதும். பதில் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை ஹீட்டருக்கு மேலே இல்லாத, வெயில் படாத ஓர் உள்சுவரில் மாட்டி வையுங்கள். நிலவறையில் வைத்தால் ஈரத்தில் அந்தத் தாள் உதிர்ந்துவிடும்.